தாமஸ் கூலி யாரு, அவர் யார் பக்கம் நின்னாரு?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பிரைவசி அடிப்படை உரிமைன்னு நம்ம சுப்ரீம் கோர்ட் 2017ல சொன்ன புட்டசாமி தீர்ப்ப படிச்சிருக்கீங்க, அதுல ‘ரைட் டு பி லெட் அலோன்’ (தன்ன சும்மா விட்டுடணும்ங்கற உரிமை)ங்கற சொற்றொடர் தாமஸ் கூலிங்கற பழைய அமெரிக்க ஜட்ஜோட புத்தகத்துல இருந்து வந்ததுன்னு பாத்திருக்கீங்க, அப்புறம் வேற எங்கயோ அதே ஆளத்தான் ‘பெரிய முதலாளிகளுக்கு சட்டக் கவசம் செஞ்சு குடுத்த பேராசிரியர்’னு திட்டி எழுதிருந்தத பாத்து குழம்பிட்டீங்க. ‘இவர் ஜட்ஜா, புரொபசரா, யார் பக்கம்’னு கேட்டிருக்கீங்க. முதல் பாதிக்கு ஒரு வரில பதில் சொல்லிடலாம், ரெண்டுமேதான், அதுவும் ஒரே சமயத்துல கிட்டத்தட்ட இருபது வருஷம் ரெண்டு வேலையும் பாத்தவரு. ரெண்டாவது பாதிக்குதான் கொஞ்சம் பொறுமையா உக்காந்து பேசணும். நான் அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் கிடையாது. பல வருஷமா ரிட் வழக்கு நடத்தற வக்கீல், சட்டம் படிக்கற பசங்களுக்கு அரசியல் சாசன வகுப்பும் எடுக்கறேன், அந்த வேலைக்காக கூலியோட தீர்ப்புகளையும் புத்தகத்தையும் நேரடியா படிச்சவன். அதனால தீர்ப்புல இருக்கறது எது, மத்தவங்க அதுக்கு குடுத்த விளக்கம் எதுன்னு பிரிச்சு சொல்றேன், விளக்கத்துல நீங்க என்னோட ஒத்துப்போகணும்னு இல்ல.

1824 ஜனவரி 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்துல அட்டிகாங்கற ஊர் பக்கத்துல பொறந்தாரு. நியூயார்க் சிட்டி இல்ல, மாநிலத்தோட மேற்கு ஓரம், விவசாயக் குடும்பம், நிறைய பிள்ளைங்க, கைல காசு கம்மி. உள்ளூர் அகாடமில கொஞ்சம் படிச்சதோட சரி, காலேஜ் வாசல மிதிச்சதே இல்ல. அந்தக் காலத்துல வக்கீல் ஆகணும்னா ஒரு வக்கீல் ஆபீஸ்ல சேந்து அவரோட புத்தகங்கள படிச்சு, மனு எழுதி, நகல் எடுத்து கத்துக்கணும், இவரும் பால்மைராங்கற ஊர்ல அப்படித்தான் ஆரம்பிச்சாரு. 1843ல மேற்கு நோக்கி கிளம்பி மிச்சிகன் மாநிலத்துல ஏட்ரியன்ங்கற சின்ன ஊர்ல தங்கிட்டாரு. சிகாகோ போகத்தான் கிளம்பினாரு, வழில காசு தீந்துபோச்சுன்னு ஒரு கதை உண்டு, நல்ல கதைதான், ஆனா நான் அத கதையாத்தான் எடுத்துக்கறேன். 1846ல வக்கீலா பதிவு ஆச்சு, அதே வருஷம் கல்யாணமும் ஆச்சு. அடுத்த பத்து வருஷம் ஒண்ணும் பெருசா ஓடல, வக்கீல் தொழில், கொஞ்ச நாள் பத்திரிகை ஆசிரியர், கொஞ்சம் கவிதை, பக்கத்துல ஒஹையோ மாநிலத்துல டொலீடோவுக்கு போயி அங்க ஜட்ஜ் தேர்தல்ல நின்னு தோத்து திரும்பி வந்தது. அரசியல்ல ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து டெமாக்ரட்டா ஆரம்பிச்சாரு, 1848ல அடிமை முறை புதுப் பகுதிகளுக்கு பரவக் கூடாதுன்னு சொன்ன ஃப்ரீ சாயில் கட்சி பக்கம் போனாரு, அப்புறம் ரிபப்ளிகன் ஆனாரு. இந்த ஜாக்சன் காலத்து வளர்ப்ப மனசுல வச்சுக்கோங்க. அரசாங்கம் யாருக்கும் தனிச் சலுகை குடுக்கக் கூடாது, பேங்க்குக்கும் கம்பெனிக்கும் தனியா சட்டம் போட்டு பணக்காரங்கள வளத்துவிடக் கூடாதுங்கறதுதான் அந்த கட்சிக்காரங்களோட மூல மந்திரம், அவரோட தீர்ப்புகள படிக்க இதுதான் சாவி.

திருப்பம் வந்தது 1857ல. மிச்சிகன் சட்டசபை, சிதறிக் கிடந்த மாநில சட்டங்கள தொகுக்கற வேலைய இவருக்கு குடுத்துச்சு, குறைஞ்ச நேரத்துல சுத்தமா முடிச்சுக் குடுத்தாரு. அடுத்த வருஷம் மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள தொகுத்து வெளியிடற ரிப்போர்ட்டர் வேலை. 1859ல ஆன் ஆர்பர்ல மிச்சிகன் பல்கலைக்கழகம் சட்டத் துறை ஆரம்பிச்சப்போ முதல் மூணு பேராசிரியர்ல ஒருத்தரு. மத்த ரெண்டு பேர் ஜேம்ஸ் கேம்ப்பெல், சார்லஸ் வாக்கர், ரெண்டு பேரும் டெட்ராய்ட் ஆளுங்க, கூலி மட்டும்தான் ஆன் ஆர்பர்லயே குடி வந்தாரு, அதனால நிர்வாக வேலை எல்லாம் இவர் தலைல. 1871ல இருந்து 1883 வரைக்கும் டீன். காலேஜே படிக்காத ஒருத்தர் நாட்டோட பெரிய சட்டக் கல்லூரிகள்ல ஒண்ண கட்டி எழுப்பினாருங்கறது சாதாரண விஷயம் இல்லங்க. 1870ல அங்க ஒரு கறுப்பின மாணவர் பட்டம் வாங்கினாரு, 1871ல ஒரு பெண் பட்டம் வாங்கினாங்க. அந்த ரெண்டு வருஷத்துலயும் பல சட்டக் கல்லூரிகள் இவங்கள வாசலுக்குள்ள விடறதுக்கே தயாரா இல்ல.

1864 தேர்தல்ல மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கு தேர்ந்தெடுக்கப்பட்டாரு. ஆமா, மிச்சிகன்ல ஜட்ஜுங்கள மக்கள் ஓட்டு போட்டுத்தான் தேர்ந்தெடுக்கறாங்க, இது பின்னாடி முக்கியமா வரும். 1865ல இருந்து 1885 வரைக்கும் அந்த கோர்ட்ல இருந்தாரு. கூலி, கேம்ப்பெல், ஐசக் கிறிஸ்டியன்சி, பெஞ்சமின் கிரேவ்ஸ்னு நாலு பேர் சேந்து இருந்த காலத்த ‘பிக் ஃபோர்’னு சொல்லுவாங்க, ஒரு மேற்கு மாநிலத்தோட கோர்ட் தீர்ப்ப நாடு முழுக்க மதிச்சு மேற்கோள் காட்டின காலம் அது. இந்த இருபது வருஷத்துல 1884 வரைக்கும் பாடமும் எடுத்தாரு, ராத்திரில புத்தகமும் எழுதினாரு.

அந்தப் புத்தகங்கள்ல பெருசு 1868ல வந்தது, சட்ட உலகத்துல ‘கான்ஸ்டிட்யூஷனல் லிமிட்டேஷன்ஸ்’னு சுருக்கி சொல்றது. மாநில சட்டசபைகளோட அதிகாரத்துக்கு அரசியல் சாசனம் என்னென்ன எல்லை போட்டிருக்குங்கறதுதான் விஷயம். வகுப்புக்கு தயார் பண்ணின குறிப்புல இருந்து வளந்த புத்தகம் அது. அது வந்த அதே 1868ல அமெரிக்க அரசியல் சாசனத்தோட 14ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்துச்சு, மாநிலங்கள் யாரோட உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் முறையான சட்ட நடைமுறை இல்லாம பறிக்கக் கூடாதுன்னு சொல்ற திருத்தம். அது வந்ததும் எல்லா வக்கீலுக்கும் ஒரு கையேடு தேவைப்பட்டுச்சு, கூலியோட புத்தகம் மேசை மேல ரெடியா இருந்துச்சு. இந்த நேரப் பொருத்தத்த அவர் திட்டமிட்டது கிடையாது, ஆனா அவரோட புகழுக்கும் பின்னாடி வந்த கெட்ட பேருக்கும் இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன். அவர் உயிரோட இருந்தப்பவே ஆறு பதிப்பு வந்துச்சு, ஒவ்வொண்ணும் முந்தினத விட தடிமன்.

இப்போ யார் பக்கம்ங்கறதுக்கு வருவோம். இதுக்கு மூணு தீர்ப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கணும்.

முதல்ல 1870ல வந்த சேலம் வழக்கு (மிச்சிகன்ல சேலம்னு ஒரு டவுன்ஷிப், அதாவது சின்ன உள்ளாட்சிப் பகுதி, இருக்கு). ரயில் வராத ஊரே இருக்கக் கூடாதுன்னு ஊர் ஊரா வெறி பிடிச்சிருந்த காலம் அது. சட்டசபை ஒரு சட்டம் போட்டுச்சு, டவுன்ஷிப்புகள் ஓட்டெடுப்பு நடத்தி, கடன் பத்திரம் குடுத்து, அந்தக் கடன ஊர் மக்கள் மேல வரி போட்டு அடைச்சு, தனியார் ரயில்வே கம்பெனிக்கு உதவலாம்னு. சேலம் ஓட்டு போட்டுச்சு, அப்புறம் பத்திரம் குடுக்க மாட்டேன்னு நின்னுடுச்சு, டெட்ராய்ட் ஹாவெல் ரயில்வே கம்பெனி கோர்ட்டுக்கு போச்சு. கூலி கம்பெனிய தோக்கடிச்சாரு. வரிங்கறது பொது காரியத்துக்கு மட்டும்தான் போடலாம், லாபத்துக்கு ஓடற தனியார் கம்பெனி ரயில் விட்டாலும் அது அவங்க வியாபாரம், ஒருத்தன் பாக்கெட்ல இருந்து எடுத்து இன்னொருத்தன் வியாபாரத்துக்கு குடுக்கறது வரி ஆகாதுன்னு எழுதினாரு. அரசுக்கு செல்லப்பிள்ளைங்கன்னு யாரும் இருக்கக் கூடாது, எல்லாரோட உழைப்பையும் காப்பாத்தி எல்லாருக்கும் சமமான சட்டத்தோட பலன குடுக்கறதுதான் அரசோட வேலைங்கற வாக்கியம் இந்தத் தீர்ப்புலதான் வருது. அவர முதலாளி ஆளுன்னு சொல்றவங்க இத எப்படி தாண்டிப் போறாங்கன்னு எனக்கு புரியல. இதுக்கு ஒரு பின்கதையும் உண்டு. பத்திரம் வாங்கி வச்சிருந்த முதலீட்டாளர்கள் மத்திய கோர்ட்டுக்கு போனாங்க, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பைன் குரோவ் வழக்குல கூலியோட கருத்த ஏத்துக்க மறுத்து பத்திரக்காரங்க பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அப்போ பணக்காரங்களுக்கு சாதகமா நின்னது மேல இருந்த கோர்ட், இவர் இல்ல.

ரெண்டாவது, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1869ல வந்த ஒர்க்மேன் வழக்கு. டெட்ராய்ட்ல ஒரு கறுப்பினத் தகப்பன் தன் பையன பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்துல சேக்கப் போனாரு, கல்வி வாரியம் முடியாதுன்னுடுச்சு, கறுப்பினப் பிள்ளைங்களுக்கு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு அங்க போன்னாங்க. 1867ல சட்டசபை போட்ட சட்டம், அந்தந்த மாவட்டத்துல குடியிருக்கற எல்லாருக்கும் அங்க இருக்கற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர சம உரிமை உண்டுன்னு சொல்லுது. டெட்ராய்ட்டுக்கு தனிச் சட்டம் இருக்கு, இது எங்களுக்கு பொருந்தாதுன்னு வாரியம் வாதாடுச்சு, கூலி பொருந்தும்னு தீர்ப்பு எழுதினாரு. கூட இருந்த கேம்ப்பெல் மாறுபட்டு எழுதினாரு. இங்க ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். இந்தத் தீர்ப்பு சட்டசபை போட்ட சட்டத்த வச்சு சொன்னது, அரசியல் சாசனத்த வச்சு சொன்னது இல்ல. அதனால, பள்ளிக்கூடத்துல இனப் பிரிவினை செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன ‘1954 பிரௌன் தீர்ப்புக்கு 85 வருஷம் முன்னாடியே கூலி சொல்லிட்டாரு’ன்னு சிலர் எழுதறத நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். ஆனா 1896ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே பிளெஸ்ஸி வழக்குல ‘தனியா இருந்தாலும் சமம்தான்’னு சொல்லப் போற நாட்டுல, 1869லயே ஒரு மாநில கோர்ட் அந்தப் பையன உள்ள விடுன்னு உத்தரவு போட்டுச்சு, அதுவே பெருசு.

மூணாவது 1874 கலமசூ வழக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். கலமசூ ஊர்ல வரிப்பணத்துல ஹைஸ்கூல் நடத்தினாங்க. ஊர்ப் பெரிய மனுஷங்க சில பேர், அதுல ஒருத்தர் முன்னாள் செனட்டர் சார்லஸ் ஸ்டூவர்ட், கேஸ் போட்டாங்க. எழுதப் படிக்க சொல்லிக் குடுக்க வரி போடுங்க, லத்தீனும் பிரெஞ்சும் வசதியுள்ளவன் பிள்ளை படிக்கறது, அதுக்கு ஊரே ஏன் வரி கட்டணும்னு வாதம். இப்போ யோசிச்சுப் பாருங்க, சேலம் தீர்ப்புல வரி பொது காரியத்துக்கு மட்டும்தான்னு சொன்னவர்கிட்டதான் இந்த வாதம் வருது, அவரோட ஆயுதத்த எடுத்துட்டு அவர்கிட்டயே வந்திருக்காங்க. அவரு என்ன பண்ணாருன்னா, மிச்சிகன் மாநிலமே ஆகறதுக்கு முன்னாடி இருந்த சட்டங்கள்ல இருந்து ஆரம்பிச்சு, 1817ல பல்கலைக்கழகத்துக்கு போட்ட சட்டம், அப்புறம் வந்த அரசியல் சாசனங்கள், கவர்னர்கள் சொன்னதுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சு, ஆரம்பப் பள்ளில இருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் தொடர்ச்சியா இலவசக் கல்விங்கறதுதான் இந்த மாநிலத்தோட கொள்கைன்னு காட்டினாரு. கீழ ஆரம்பப் பள்ளியும் மேல பல்கலைக்கழகமும் அரசாங்கம் நடத்தும், நடுவுல இருக்கற படிய மட்டும் பணம் இருக்கறவன் ஏறிக்கட்டும்னு யாரும் நினைச்சிருக்க முடியாதுங்கறதுதான் சாராம்சம். மத்த மாநிலங்களும் இந்தத் தீர்ப்ப புடிச்சுக்கிட்டாங்க, அமெரிக்காவுல அரசு ஹைஸ்கூல் பரவினதுக்கு சட்ட ரீதியா தூண் மாதிரி நின்னது இது. இந்த மூணையும் சேத்துப் படிச்சா ஒரே கோடு தெரியும், பொதுப்பணம் எல்லாருக்கும் திறந்திருக்கற கதவுக்கு போகலாம், ஒருத்தரோட லாபத்துக்கு போகக் கூடாது.

இடைல 1871ல ஹர்ல்பட் வழக்கும் உண்டு. டெட்ராய்ட் பொதுப்பணி வாரியத்துக்கு சட்டசபையே நேரடியா ஆள் போட்டுச்சு, உள்ளூர் ஆட்சிங்கறது மக்களோட உரிமை, சட்டசபை இஷ்டத்துக்கு புடுங்கிக்க முடியாதுன்னு கூலி எழுதினாரு. அயோவா ஜட்ஜ் ஜான் டில்லன் இதுக்கு நேர் எதிரா, நகராட்சிங்கறது சட்டசபை படைச்சது, அது குடுத்த அதிகாரம் மட்டும்தான் இருக்குன்னாரு. அமெரிக்க நகராட்சி சட்டத்துல கூலி கொள்கை, டில்லன் விதின்னு இன்னைக்கும் எதிரெதிரா வச்சு சொல்லிக் குடுப்பாங்க, நடைமுறைல பெரும்பாலும் ஜெயிச்சது டில்லன்தான்.

சரி, அப்போ முதலாளிகளோட ஆளுங்கற பேரு எங்க இருந்து வந்துச்சு? காத்துல வரல, அதையும் நேர்மையா சொல்லணும். ‘முறையான சட்ட நடைமுறை’ங்கறத அவரு வெறும் நோட்டீஸ் குடுத்தானா விசாரிச்சானாங்கறதோட நிறுத்தல, சட்டத்தோட உள்ளடக்கமே நியாயமா இருக்கணும், ஒரு வகுப்ப, அதாவது ஒரு பிரிவு ஆளுங்கள, மட்டும் பொறுக்கி எடுத்து சலுகையோ சுமையோ குடுக்கற சட்டம் செல்லாதுங்கற மாதிரி விரிச்சு எழுதினாரு. அவர் நினைச்சது ரயில்வேக்கு சலுகை குடுக்கற சட்டங்கள. ஆனா 1880கள்ல கம்பெனி வக்கீல்கள் அதே வாக்கியங்கள எடுத்து, தொழிலாளிய பாதுகாக்கற சட்டமும் ஒரு வகுப்புக்கு போட்ட சட்டம்தானேன்னு திருப்பிப் போட்டாங்க. குடித்தன வீடுகள்ல சுருட்டு செய்யறத தடை பண்ணின சட்டத்த 1885ல நியூயார்க் கோர்ட் ரத்து பண்ணுச்சு, கடைசில 1905ல லாக்னர் வழக்குல பேக்கரி தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்ன சட்டத்தையே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அடிச்சுது. அப்போ கூலி செத்து கிட்டத்தட்ட ஏழு வருஷம். அதுக்கப்புறம் வந்த ஒரு தலைமுறை வரலாற்றாளர்கள் லாக்னருக்கு வேர் தேடிப் போயி கூலி புத்தகத்துல நின்னாங்க, 1960களுக்கு அப்புறம் வந்தவங்க பலர், இல்ல அவர் தனிச் சலுகைக்கு எதிரான ஜாக்சன்காரர்னு மாத்தி எழுதினாங்க. இந்த விவாதம் இன்னும் முடியல. என் கருத்து ரெண்டாவது பக்கம்தான் சாயுது, அதுக்கு ஒரு காரணம் அவரோட புத்தகத்துலயே பின்னாடி பதிப்புல வர்ற ஒரு அடிக்குறிப்பு. ஒரு கம்பெனிக்கு அரசு குடுத்த சாசனம் ஒப்பந்தம் மாதிரி, திரும்ப எடுக்க முடியாதுன்னு 1819ல டார்ட்மவுத் காலேஜ் வழக்குல தீர்ப்பாச்சு இல்லையா, அந்தத் தீர்ப்போட நிழல்லதான் நம்ம நாட்டோட மிகப் பெரிய, மிரட்டற சக்திகள் உருவாகிருக்கு, தங்கள பெத்த மாநிலத்த விட அதிக செல்வாக்கு சில கம்பெனிகளுக்கு இருக்குன்னு அதுல எழுதிருக்காரு. கம்பெனிகளுக்கு வால் பிடிச்சவர் எழுதற வரியா இது? ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, 1878ல எழுதின ஒரு கட்டுரைல தனியார் வியாபாரத்த அரசு கட்டுப்படுத்தறதுக்கு எல்லை வேணும்னு சந்தேகத்தோடதான் பேசறாரு. அதனால அவர இன்னைக்கு இருக்கற இடதுசாரி மாதிரி ஆக்கிடவும் கூடாது. சலுகையும் வேண்டாம், கட்டுப்பாடும் ஜாக்கிரதையா இருக்கணும்னு நினைச்ச மனுஷன், பெரிய கம்பெனிங்க வளந்த காலத்துல அந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோத ஆரம்பிச்சிடுச்சு.

இப்போ நீங்க முதல்ல கேட்ட அந்தச் சொற்றொடர். இங்கதான் நிறைய பேர் தப்பா எழுதறாங்க. 1879ல அவரு டார்ட்ஸ் சட்டத்த பத்தி ஒரு புத்தகம் போட்டாரு, ஒருத்தர் இன்னொருத்தருக்கு செய்யற சிவில் தீங்குகள பத்தினது. அதுல மனுஷனோட உடம்பு மேல அவனுக்கு இருக்கற உரிமைய சொல்லும்போது, அது முழுமையான பாதுகாப்புக்கான உரிமை, தன்ன சும்மா விட்டுடணும்ங்கற உரிமைன்னு எழுதினாரு. அதாவது அடிக்கக் கூடாது, அடிக்க ஓங்கவும் கூடாது, அடி விழலன்னாலும் ஓங்கினதே தப்பு, ஏன்னா அந்த பயமே ஒரு தீங்குங்கறதுதான் அந்தப் பகுதில பேச்சு. பத்திரிகைல போட்டோ போடறது, கடிதம் படிக்கறது, போன் ஒட்டுக்கேக்கறது எதுவும் அங்க கிடையாது. 1890 டிசம்பர்ல சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ்னு ரெண்டு பாஸ்டன் வக்கீல்கள் ஹார்வர்ட் லா ரிவ்யூல கட்டுரை எழுதினப்போ, ஜட்ஜ் கூலி சொன்ன அந்த உரிமைன்னு பேர் சொல்லி எடுத்து, உடம்புல இருந்து மனசுக்கும் தனி வாழ்க்கைக்கும் நீட்டினாங்க. அதே பிராண்டைஸ் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகி 1928ல ஓம்ஸ்டெட் வழக்குல, மத்திய அரசு அதிகாரிங்க டெலிபோன் ஒட்டுக்கேட்டத எதிர்த்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினப்போ, நாகரிகமான மனுஷங்க ரொம்ப மதிக்கற உரிமை இதுதான்னு சொன்னாரு. அதனால சொற்றொடர் கூலியோடது, பிரைவசிங்கற அர்த்தம் வாரன், பிராண்டைஸோடதுன்னு பிரிச்சு வச்சுக்கிட்டா சரியா இருக்கும். ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. 1881ல டிமே வழக்குன்னு ஒண்ணு அவர் இருந்த மிச்சிகன் கோர்ட்டுக்கே வந்துச்சு, பிரசவம் பாக்க வந்த டாக்டர், மருத்துவம் தெரியாத ஒரு வெளி ஆள கூட கூட்டிட்டு வந்து அறைக்குள்ள விட்டுட்டாரு, அந்தம்மா கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. பிரசவ நேரத்துல அந்த அறை அவங்களுக்கே உரியது, சட்டம் அத காப்பாத்தும்னு கோர்ட் சொல்லுச்சு. தீர்ப்ப எழுதினது தலைமை நீதிபதி மார்ஸ்டன், கூலி இல்ல, ஆனா அந்தக் கோர்ட்ல அந்த மாதிரி யோசனை ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கறதுக்கு இது சாட்சி.

அது நம்ம ஊருக்கு வந்த வழியும் சொல்லணும். 1994ல ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு, நக்கீரன் கேஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். மரண தண்டனை கைதியா இருந்த ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதைய நக்கீரன் போடப் போறாங்கன்னதும் சிறைத்துறை தடுக்கப் பாத்துச்சு. ஜஸ்டிஸ் ஜீவன் ரெட்டி எழுதின தீர்ப்புல பிரைவசி, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கற 21ஆவது பிரிவுக்குள்ள அடங்கினது, அது ‘ரைட் டு பி லெட் அலோன்’னு அதே வார்த்தைலயே வருது, கூடவே, அதிகாரிங்களுக்கு அவதூறு வரும்னு சொல்லி அரசாங்கம் முன்கூட்டியே பத்திரிகைய தடுக்க முடியாது, பொது ஆவணத்துல இருக்கறத அனுமதி இல்லாமலே போடலாம்னும் வருது. 2017ல ஒன்பது நீதிபதிகள் புட்டசாமில பிரைவசிய அடிப்படை உரிமைன்னு உறுதி பண்ணினப்போ கூலி பேரையே சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடியும் அவர் இங்க இருந்தாருங்க. 1950ல ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்குல தலைமை நீதிபதி கானியா, அரசியல் சாசனத்துல எழுதப்படாத, அதுல ஊடுருவி இருக்கறதா நினைச்சுக்கற ஒரு ஆவிக்கு விரோதம்னு சொல்லி சட்டத்த செல்லாதுன்னு அறிவிக்க கோர்ட்டுக்கு உரிமை இல்லன்னு எழுதின வாக்கியம், கூலி புத்தகத்துல இருக்கறதோட கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகும். அந்த வாக்கியம், தடுப்புக்காவல எதிர்த்து கேஸ் போட்ட கோபாலன ஜெயில்ல வச்சிருக்கத்தான் உதவுச்சு. ஒரே மனுஷனோட எழுத்து 1950ல சுதந்திரத்த சுருக்கவும் 2017ல விரிக்கவும் பயன்பட்டிருக்கு, பொறுக்கி எடுக்கறவர் கைலதான் எல்லாம் இருக்குன்னு நான் வகுப்புல இத காட்டித்தான் சொல்றது.

பத்திரிகை விஷயத்துலயும் அவர் காலத்துக்கு முன்னாடி போனவரு. சென்சார் இல்லன்னா போதும் அதுதான் பத்திரிகை சுதந்திரம்னு இருந்த பழைய இங்கிலாந்து கருத்த அவர் ஒத்துக்கல, பொது விஷயங்கள மக்கள் தாராளமா பேசறத தடுக்கற எந்த அரசு நடவடிக்கையும் தப்புதான்னு புத்தகத்துல எழுதினாரு, 1881ல டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் மேல வந்த அவதூறு வழக்குல பத்திரிகைக்கு சாதகமா மாறுபட்ட கருத்தும் குடுத்தாரு. இத்தனைக்கும் 1885 ஏப்ரல் தேர்தல்ல டெட்ராய்ட் பத்திரிகை ஒண்ணே அவருக்கு எதிரா கடுமையா எழுதுச்சு. அவர் தோத்தாரு, ஜெயிச்சது ஆலன் மோர்ஸ், உள்நாட்டுப் போர்ல ஒரு கைய இழந்த டெமாக்ரட். தோத்தது உறுதி, ஏன் தோத்தாருங்கறதுக்கு காரணம் பல மாதிரி சொல்றாங்க, அந்த வருஷம் டெமாக்ரட் அலை, பத்திரிகையோட எதிர்ப்பு, ரயில்வேக்கு வேண்டப்பட்டவருங்கற பேச்சு. சேலம் தீர்ப்ப எழுதினவருக்கு அந்த கடைசி பேர் ஒட்டினது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. பதவிக்காலம் முடியறதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடியே விலகிட்டாரு.

அதுக்கப்புறம் நடந்தது அவரோட வாழ்க்கைல ரொம்ப முக்கியம், ஆனா சட்ட மாணவர்கள் படிக்கறதே இல்ல. வாபாஷ் ரயில்வே திவால் ஆனப்போ அதுல ஒரு பகுதிய கோர்ட் சார்பா நடத்தற ரிசீவரா போனாரு, அங்க ரயில் கட்டணம் எப்படி போடறாங்கன்னு உள்ள இருந்தே பாத்தாரு. 1887ல ரயில்வேய கட்டுப்படுத்த இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன்னு அஞ்சு பேர் கமிஷன் அமைச்சாங்க, அமெரிக்க மத்திய அரசோட முதல் ஒழுங்குமுறை கமிஷன், அதுக்கு டெமாக்ரட் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் இவர நியமிச்சாரு, மத்த உறுப்பினர்கள் இவரையே தலைவர் ஆக்கினாங்க. ஒரே பாதைல தூரமா போற சரக்குக்கு கம்மியும் நடுவுல இறங்கற சரக்குக்கு அதிகமும் கம்பெனிங்க வாங்கிட்டு இருந்தாங்க, அதனால சின்ன ஊர் விவசாயி நொந்து போயிருந்தான். சட்டம் அத தடுத்துச்சு, ஆனா விதிவிலக்கும் வச்சிருந்துச்சு. விதிவிலக்கு எப்போ பொருந்தும்னு 1887 ஜூன்ல லூயிவில் நாஷ்வில் ரயில்வே கேட்ட மனுல கமிஷன் விரிவா முடிவு சொல்லுச்சு, நீர்வழில சரக்கு கொண்டுபோற படகுங்களால வர்ற மாதிரி நிஜமான வியாபாரப் போட்டி இருந்தா மட்டும் ஒத்துக்கலாம்னு. ஒவ்வொரு முடிவையும் கோர்ட் தீர்ப்பு மாதிரி காரணத்தோட எழுதி அச்சடிக்கணும்ங்கற பழக்கத்த ஆரம்பிச்சு வச்சதுல இவர் பங்கு பெருசு. உடம்பு ஒத்துழைக்கல, 1890களோட ஆரம்பத்துல விலகிட்டாரு. 1897ல சுப்ரீம் கோர்ட், கமிஷனுக்கு கட்டணம் நிர்ணயிக்கற அதிகாரமே இல்லன்னு சொல்லி அதோட பல்ல புடுங்குச்சு, அடுத்த வருஷம் 1898 செப்டம்பர் 12ஆம் தேதி ஆன் ஆர்பர்ல கூலி காலமானாரு.

பேர வச்சு இன்னும் ரெண்டு குழப்பம் வரும், அதையும் சொல்லிடறேன். 1852ல ‘கூலி எதிர் போர்டு ஆஃப் வார்டன்ஸ்’னு பிலடெல்பியா துறைமுகத்துல கப்பலுக்கு வழிகாட்டி அமர்த்தற கட்டணத்த பத்தின பிரபலமான வழக்கு இருக்கு, அந்த கூலி வேற ஆளு, இவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தலசீமியாங்கற ரத்த நோயோட கடுமையான வகைய கூலி அனீமியான்னு சொல்றது இவரோட பையன் டாக்டர் தாமஸ் பென்ட்டன் கூலி பேருல, சமூகவியல் படிச்சவங்களுக்கு தெரிஞ்ச சார்லஸ் ஹார்ட்டன் கூலி இன்னொரு பையன். நீங்க நேரடியா படிக்க ஆரம்பிக்கணும்னா தடிமனான புத்தகத்துல கை வைக்காதீங்க, சேலம் தீர்ப்பையும் கலமசூ தீர்ப்பையும் ஒரே மூச்சுல படிங்க, ரெண்டும் நெட்ல இலவசமா கிடைக்குது, அப்புறம் டார்ட்ஸ் புத்தகத்துல அந்த ஒரு பக்கம். அதுல உங்களுக்கு சந்தேகம் வந்தா இங்கயே கேளுங்க, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.